அரக்கோணத்துக்கு அடுத்த ஸ்டேஷன்

இந்தத் தீவில் நல்ல வெல்லம் கிடைப்பதில்லை ஐயா. மெட்ராஸில் கப்பலேறும்போது கெட்டியாக இருக்கும். இங்கே வந்து சேர்வதற்குள் கசிந்து சாக்கோடு ஒட்டிக்கொள்ளும். மனிதர்கள் அதையும் காப்பியில் கரைத்துக் குடித்துவிடுவார்கள். யானை அப்படியில்லை. உப்புக்காற்று பட்ட வெல்லத்தை ஒரு தடவை முகர்ந்துவிட்டுக் கீழே போட்டுவிடும். போன மழைக்காலத்தில் வெல்லத்தைக் காப்பாற்ற நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, அடுப்புக்கு மேலே உறியில் தொங்கவிட்டிருந்தேன். அந்த வெல்லம் கெட்டுப்போயிருந்தால் நீங்கள் இவ்வளவு தூரம் படகில் வந்திருக்க வேண்டியதில்லை.

வாக்குமூலம் எழுதுகிறவரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள். நான் எதையும் மறைக்கப் போவதில்லை.

என் பெயர் பழனிசாமி. பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலை அடிவாரத்துக்காரன். வடக்கு அந்தமானில் மரம் வெட்டக் கம்பெனி லீஸ் எடுத்த புதிதில் ஜமுனாவோடு கப்பலில் வந்தேன். ஜமுனா என் யானை. கம்பெனி யானை என்று நீங்கள் திருத்துவீர்கள், திருத்திக்கொள்ளுங்கள். மாயாபந்தரில் அவளைக் கிரேனில் தொங்கவிட்டு இறக்கியபோது, கால் தரையில் படும்வரை கீழே நின்று பேசிக்கொண்டே இருந்தேன். என் குரல் கேட்டதால்தான் அவள் மிரளவில்லை. அன்றைக்கு எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

எங்கள் கேம்புக்கு ரோடும் கிடையாது, லாரியும் கிடையாது. காட்டுக்குள் படாக், கர்ஜன் மரங்களை வெட்டிச் சாய்ப்பார்கள். நான்கு யானைகள் அந்தத் தடிகளை ஓடைமுகம் வரைக்கும் இழுத்து வரும். அங்கே தெப்பமாகக் கட்டி, மரம் அறுக்கிற சாத்தம் மில்லுக்குக் கொண்டுபோவார்கள். மரம் போய்ச் சேர்ந்தால்தான் ரேஷன் படகு வரும். யானை நின்றால் கேம்பே நிற்கும். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. நிலைமை அப்படி.

நான்கு யானைகளும் நான்கு இடத்திலிருந்து வந்தவை. ஒன்று பீகார், ஒன்று பர்மா, மற்ற இரண்டு நம் பக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஷை. அதனால் கம்பெனி ஆரம்பத்திலேயே எல்லாவற்றுக்கும் பொதுவாக இந்திச் சொற்களைப் பழக்கச் சொல்லிவிட்டது. உட் என்றால் எழ வேண்டும், சல் என்றால் நடக்க வேண்டும், ருக் என்றால் நிற்க வேண்டும், பைட் என்றால் உட்கார வேண்டும். எந்தப் பாகனும் எந்த யானையையும் ஓட்டலாம். பழக்கியவன் நான்தான். எனக்கு நானே குழி வெட்டிக்கொண்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

போன மே மாதம் மேனேஜர் ராஜமாணிக்கம் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். உட்கார வைத்துத்தான் பேசினார்.

"பழனிசாமி, உங்களுக்கு அம்பத்தஞ்சு ஆயிடுச்சு. மழை முடிஞ்சதும் இருதயநாதன் ஹெட் பாகனா இருக்கட்டும். நீங்க மெயின்லேண்ட் போய் நிம்மதியா இருங்க."

நிம்மதியாக யாரோடு இருப்பது என்று அவர் சொல்லவில்லை. என் மனைவி விசாலாட்சி இந்தத் தீவுக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டாள். ஊரில் இருக்கும் அண்ணன் மகன்கள் என் பங்கு நிலத்தையும் சேர்த்து உழுதுகொண்டிருக்கிறார்கள். நான் வராமல் இருப்பதுதான் அவர்களுக்குச் சௌகரியம். எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்கிறீர்கள். கோபம் இல்லை ஐயா, பயம். கப்பல் கிளம்பும்போது ஜமுனா கரையில் நின்றுகொண்டிருப்பாள், வேறொருவன் 'உட்' என்பான், அவள் எழுந்து போய்விடுவாள். அதை நினைத்துத்தான் பயந்தேன்.

இருதயநாதனைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. தூத்துக்குடிப் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. கொச்சியில் படகு வேலை பார்த்துவிட்டு, தெப்பம் கட்டும் வேலைக்காக இங்கே வந்தவன். தானாகவே யானைப் பக்கம் ஒட்டிக்கொண்டான். குடிக்க மாட்டான், யானையை அடிக்க மாட்டான். அவன் மனைவி கிரேசி மீன் குழம்பு வைத்தால் எனக்கும் ஒரு கிண்ணம் வந்துவிடும்.

மழைக்காலத்தில் கேம்பில் வேலை இருக்காது. யானைகளுக்கு ஓய்வு. பாகன்கள் எல்லோரும் கப்பலேறி ஊருக்குப் போய்வருவார்கள். யாராவது ஒருவர் மட்டும் தங்கி யானைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது யாருக்கும் பிடிக்காத வேலை. அட்டையும் சேறும் ஓயாத மழையும். நானே போய், "கடைசியா ஒரு தடவை நான் பாத்துக்கறனுங்க, மத்தவங்க போய்ட்டு வரட்டுங்க" என்று மேனேஜரிடம் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பாகன்கள் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். இருதயநாதன் கிளம்பும்போது புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கழற்றிய பழைய சட்டையை என் குடிசை வாசலில் மாட்டினான்.

"கிழிஞ்சது அண்ணாச்சி. எண்ணெ தொடைக்க வச்சிக்கிடுங்க."

எடுத்து வைத்துக்கொண்டேன்.

யானைக்குச் சொல்லை மாற்றுவது எப்படி என்று கேட்டீர்கள். கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும். முதலில் புதுச் சொல்லைப் பழைய சொல்லோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். 'பைட்' என்றதும் கூடவே 'சேலம்' என்பேன். உட்கார்ந்ததும் வெல்லம் கொடுப்பேன். சில நாளில் 'பைட்' தேவைப்படாது, 'சேலம்' மட்டுமே போதும். இந்த நிலையில் யானைக்கு இரண்டு சொல்லும் தெரியும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. இதற்குப் பிறகுதான் முக்கியமான வேலை. பழைய சொல்லைக் கொல்ல வேண்டும். 'பைட்' என்பேன். பழக்கத்தில் உட்கார்ந்தால் காதுக்குப் பின்னால் அங்குசத்தால் ஒரு குத்து. அசையாமல் நின்றால் வெல்லம். ஜமுனா முதல் குத்து வாங்கியபோது தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் நான் அவளைக் காரணமில்லாமல் குத்தியதில்லை. அன்றைக்கும் காரணம் இருந்தது. அதை அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க வழியில்லை. குத்திய இடத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுவிட்டேன்.

சொற்களாக ரயில்வே ஸ்டேஷன் பெயர்களை வைத்தேன். இந்தத் தீவில் ரயில் கிடையாது. ஒரு நாளும் யார் வாயிலும் அவை தற்செயலாக வந்துவிடாது. எனக்கும் மறக்காது, ஊரை விட்டு வந்தபோது ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்த பெயர்கள். பொள்ளாச்சி என்றால் எழு. கிணத்துக்கடவு என்றால் நட. போத்தனூர் நில். திருப்பூர் இடது, ஈரோடு வலது. சேலம் உட்கார். ஜோலார்பேட்டை தள்ளு. காட்பாடி தூக்கு. அரக்கோணத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

புல் வெட்ட ராஞ்சிக்காரர்கள் இரண்டு பேர் மட்டும் கேம்பில் இருந்தார்கள். ஒரு நாள் ஒருவன், "யே கௌன் சா போலி ஹை, தாதா?" என்றான், இது என்ன பாஷை என்று. பஜனைப் பாட்டு என்று சொன்னேன். கும்பிட்டுவிட்டுப் போனான்.

மழை விட்டது. எல்லோரும் திரும்பி வந்தார்கள். காலையில் பாகன்கள் அவரவர் யானை மேல் ஏறி 'சல்' என்றார்கள். நான்கு யானைகளும் மரம் மாதிரி நின்றன. கோபமில்லை, மதமில்லை, காதை ஆட்டிக்கொண்டு அமைதியாக நின்றன. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். ஓய்வு அதிகமாகி ஒடம்பு வளைய மாட்டேங்குது என்றார்கள். இரண்டாம் நாள் சிரிப்பு இல்லை. மேனேஜர் தீனியைக் குறைக்கச் சொன்னார். குறைத்தார்கள். அடிக்கச் சொன்னார். அடித்தார்கள். அடித்தால் யானை கத்துமே தவிர, சொல்லை எப்படிச் சொல்லும்? போர்ட் பிளேரிலிருந்து மாட்டு டாக்டர் வந்து, சாணத்தைக் கிளறிப் பார்த்து, காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, பேதிக்கு மருந்து கொடுத்துவிட்டுப் போனார். இன்னொரு கேம்பிலிருந்து ஒரு பர்மாக்காரப் பாகன் வந்தான். அவன் விஷயம் தெரிந்தவன். சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது நோய் இல்லை, யாரோ மூடியிருக்கிறார்கள்" என்று இந்தியில் சொன்னான். காட்டில் புதிதாகப் பிடித்த யானை மாதிரி மரக்கூண்டில் அடைத்து முதலிலிருந்து பழக்கினால்தான் உண்டு, ஒரு வருஷம் ஆகும் என்றான். சரியாகத்தான் சொன்னான்.

ஒன்று சொல்கிறேன், வேறு கம்பெனிகளுக்கு உபயோகப்படும். நான்கு யானைகளையும் ஒரே ஆள் கையில் விட்டிருக்கக் கூடாது. ஒரே ஒரு யானையை என் கைக்கு எட்டாத வேறு கேம்பில் வைத்திருந்தால் போதும். நான் ஒன்றும் செய்திருக்க முடியாது. நான் நல்லவன் என்று எல்லோரும் நம்பியதால் அந்த யோசனையே யாருக்கும் வரவில்லை.

நான் யாரையும் மிரட்டவில்லை. மேனேஜர்தான் என் குடிசைக்கு வந்தார்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க பழனிசாமி?"

"ஒண்ணும் பண்ணலீங்க. என்ற பேச்சு மட்டுந்தான் அதுகளுக்கு விளங்குதுங்க. என்னை அனுப்பாம இருந்தீங்கன்னா வேலை தன்னால நடக்குமுங்க."

அவர் என் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, உயிர் இருக்கிற வரைக்கும் நான் கேம்பிலேயே இருக்கலாம் என்று கேம்பு ஓரத்து மாதா கோயில் பக்கம் கையைக் காட்டிச் சத்தியம் செய்தார். அவர் கிறிஸ்தவர்கூட இல்லை. அவசரத்தில் மனிதர்கள் எதை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்கிறார்கள்.

வேலை ஆரம்பித்தது. நான் ஒவ்வொரு யானையாக ஏறி, காதோடு காதாகச் சொல்ல வேண்டும். ஒரே ஆள், நான்கு யானை. முன்பு போன மரத்தில் கால்வாசிகூடப் போகவில்லை. ரேஷன் படகு தவறிப்போனது. கேம்பில் சோறு குறைந்து கிழங்கு கூடியது. குழந்தைகள் மெலிந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் பட்டினியால் யாரும் சாகவில்லை. அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

தடிக்குச் சங்கிலி மாட்டுகிற வேலையை இருதயநாதன் கேட்டு வாங்கிக்கொண்டான். என் பக்கத்திலேயே இருப்பான், வாயைத் திறக்க மாட்டான். கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாள் காட்பாடி என்ற சொல் அவன் காதில் விழுந்திருக்கிறது. அவன் கொச்சி ரயிலில் மெட்ராஸ் வந்தவன், அந்த வழி ஸ்டேஷன்கள் தெரியும், என் ஊரும் தெரியும். மறுநாள் காலையில் மோதி என்கிற ஆண் யானை மேல் ஏறி உட்கார்ந்து, கேம்பே பார்த்துக்கொண்டிருக்க, "பொள்ளாச்சி" என்றான். மோதி எழுந்தது. பிறகு ஒவ்வொரு ஸ்டேஷனாகச் சொல்லச் சொல்ல, மோதி நடந்தது, நின்றது, திரும்பியது. பெண்கள் ஓடி வந்தார்கள். சிலர் அழுதார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாப் பாகன்களுக்கும் பாடம் ஆகிவிட்டது. காடு முழுக்க ஈரோடு, சேலம் என்று சத்தம். எல்லோரோடும் சேர்ந்து நானும் கைதட்டினேன்.

மேனேஜர் சத்தியத்தை மறந்துவிட்டார். அடுத்த கப்பலில் எனக்கு இடம் சொல்லியாகிவிட்டது என்று ஆள் அனுப்பினார், நேரில் வரவில்லை. இருதயநாதன் மட்டும் ஒரு மரியாதை செய்தான். "அண்ணாச்சி போறவரைக்கும் ஜமுனாவ யாரும் தொடப்புடாது" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டான். அவன் நல்லவன் என்று முன்பே சொன்னேன்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் அவனும் கிரேசியும் வந்தார்கள். பயணத்துக்கென்று கருவாடு வறுத்துப் பொட்டலம் கட்டிக் கொண்டு வந்திருந்தாள்.

"எங்க மேல வருத்தமா அண்ணாச்சி? புள்ளைங்க பட்டினி கெடந்துச்சு. பாத்துக்கிட்டு இருக்க முடியல" என்றாள் கிரேசி.

"வருத்தம் என்னம்மா, இருக்கறதுதானே" என்றேன்.

இருதயநாதன் சிரித்துக்கொண்டே கேட்டான். "காட்பாடிக்கு அப்புறம் அரக்கோணம்லா வரணும்? மோதிகிட்ட சொல்லிப் பாத்தேன், சும்மா நிக்கி. அத எதுக்கு வச்சிருக்கிய?"

அவன் கேட்காமல் போயிருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். கேட்டான், அதனால் சொன்னேன்.

"அது ஜமுனாவுக்கு மட்டுந்தான் தம்பி. சரிவுல மரம் பின்னால சறுக்குச்சுன்னா, அழுத்திப் புடிச்சு நிறுத்தறதுக்கு. மேல இருந்து சொன்னா கேக்க மாட்டா. எறங்கி, எடது முன்னங்காலுக்குப் பக்கத்துல நின்னு சொல்லோணும்."

என் கையைப் பிடித்துக்கொண்டான். "பெரிய மனசு அண்ணாச்சி" என்றான்.

அடுத்த நாள் நான் படகுத்துறையில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தேன். அந்த இடத்தில் நான் இல்லவே இல்லை. மேனேஜர் பார்த்திருக்கிறார், அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன். ஓடைக்கு இறங்குகிற சரிவில் கர்ஜன் தடி ஒன்று பின்னால் சறுக்கியது. இருதயநாதன் ஜமுனா மேலிருந்து குதித்து இறங்கி, அவள் இடது முன்னங்காலுக்குப் பக்கத்தில் நின்று அந்தச் சொல்லைச் சொன்னான். அவள் முன்னங்கால்களை மடக்கி, நெற்றியை இறக்கி, அழுத்தினாள். அதிக நேரம் ஆகவில்லை. முடிந்ததும் எழுந்து, தும்பிக்கையை நீட்டிக்கொண்டு நின்றாளாம். ஏன் அப்படி நின்றாள் என்று மேனேஜருக்குப் புரியவில்லை. வெல்லம் கேட்டிருக்கிறாள்.

அரக்கோணத்தை அவளுக்கு எப்படிப் பழக்கினேன் என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. சாக்கில் வைக்கோல் திணித்து ஆள் உயரத்துக்குக் கட்டி, அவள் இடது பக்கம் நிறுத்தினேன். முதலில் அவள் அதைத் தும்பிக்கையால் தள்ளி விளையாடினாள். வெறும் சாக்கை யானை ஆளாக மதிக்காது, அதற்கு மனித வாசனை வேண்டும். அதனால் அந்தப் பழைய சட்டையைச் சாக்குக்கு மாட்டிவிட்டேன். அதன் பிறகு அவளுக்குப் புரிந்துவிட்டது. மழை முடிவதற்குள் பல சாக்குகள் நசுங்கின. சட்டையை மட்டும் கழற்றிக் கழற்றி மாட்டினேன். தீனிக் கொட்டகையில் அதை ஒளித்து வைத்தது என் தவறு. கிரேசி கண்டுபிடித்துவிட்டாள். நூல் நிறம் மாற்றித் தைத்த பொத்தானை வைத்து அடையாளம் சொன்னாளாம். அதை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் நின்றாள். திட்டவில்லை, அழவில்லை. "இத அவரு உங்களுக்குத் தொடைக்கத்தான குடுத்தாரு அண்ணாச்சி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஆக, மழைக்காலத்திலேயே, அவன் ஊரில் இருக்கும்போதே, அவனைக் கொல்ல ஏற்பாடு செய்துவிட்டேன் என்கிறீர்கள். அப்படித்தான் எழுத வேண்டும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள். இருதயநாதனைக் கொன்றது நான்தான். ஆனால் அது தேவைப்படாது என்றுதான் கடைசி வரைக்கும் நினைத்தேன். வீட்டுக்குப் பூட்டுப் போடுகிறவன் திருடன் வர வேண்டும் என்றா போடுகிறான்? என்னை என் இடத்தில் விட்டிருந்தால் எல்லோரும் சௌகரியமாக இருந்திருப்போம். நான் யாருக்கும் கெடுதல் நினைத்தவன் இல்லை.

இப்போது எந்த ஸ்டேஷன் பெயரையும் சொல்ல ஒருவருக்கும் தைரியமில்லை என்று கேள்விப்பட்டேன். நான்கு யானைகளும் மறுபடி சும்மா நிற்கின்றன. ஜமுனாவைச் சுடுவதற்குத் துப்பாக்கி வரப் போகிறது என்றும் காவல்காரர் சொன்னார். அது வேண்டாம் ஐயா. அவள் சொன்னதைச் செய்தாள், அவ்வளவுதான். அவளைச் சுட்டுவிட்டால் மற்ற மூன்றையும் சரிசெய்ய வழியே இல்லாமல் போய்விடும். அந்தப் பழக்கம் அவளிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

அரக்கோணத்தோடு ரயில் நின்றுவிடுவதில்லை. மெட்ராஸ் என்று ஒன்று இருக்கிறது. இருதயநாதனுக்கு அதைக் கேட்க நேரமில்லை. அந்தச் சொல்லைச் சொன்னால் எல்லாம் பழையபடி திறந்துகொள்ளும். பைட் என்றால் உட்காரும், சல் என்றால் நடக்கும். துப்பாக்கியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். என்னை ஜமுனாவின் கண்ணில் படுகிற தூரத்தில் ஒரு குடிசையில் வையுங்கள். விலங்கு போட்டே வையுங்கள், பரவாயில்லை. நான் அவளைத் தயார் செய்து தருகிறேன். சொல்லை நான் சொல்லக் கூடாது. அதிகாரத்தில் இருக்கிறவர் சொன்னால்தான் இனிமேல் எல்லோருக்கும் கட்டுப்படும். நீங்களே சொல்லுங்கள். இடது பக்கம், முன்னங்காலுக்கு அருகில் நின்றுகொண்டால் அவளுக்கு நன்றாகக் கேட்கும்.

அதற்கு முன்னால் அவள் உங்களைப் பழகிக்கொள்ள வேண்டும். போகும்போது உங்கள் சட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போங்கள். துவைக்காததாக இருந்தால் நல்லது.